சவரக்கத்தியை வீட்டிலேயே தீட்டலாம்: கேள்விகளும் பதில்களும்

மடக்கிவைக்கும் பழைய பாணி சவரக்கத்தியைத் தானே தீட்டப் பழகுகிறவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பல கேள்விகள் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன. 1000 நம்பர் கல்லில் (நம்பர் கூடக் கூடக் கல் நயமாக இருக்கும்) முடிக்கவேண்டிய வேலையை முடிக்காமல் அடுத்த கல்லுக்குத் தாவிவிடுகிறோம். அதனால் அந்தப் பதிலை மட்டும் நீட்டியே எழுதியிருக்கிறேன்.

சார், எங்கள் தெரு சலூனில் இருப்பதைப் போலவே ஒரு கத்தி வாங்கினேன். எந்தக் கல்லில் தீட்டுவது?

அதைத் தீட்டவேண்டியதில்லை. பிளேடைப் பாதியாக ஒடித்துச் செருகும் பிடி அது. மழுங்கினால் பிளேடை மாற்றினால் போதும்.

பழகுவதற்கு எந்தக் கத்தி நல்லது அண்ணே?

ஜெர்மனியின் சோலிங்கன், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, பிரான்சின் தியேர் ஆகிய ஊர்களில் செய்த பழைய கத்தி கிடைத்தால் வாங்குங்கள். அகலம் எட்டில் ஐந்து அங்குலம், அதாவது சுமார் 16 மி.மீ. இருக்கட்டும். முனை, அதாவது அறுக்கும் விளிம்பு, நேராக இருக்கவேண்டும். அலகின் நடுவில் கறை இருந்தால் கவலை இல்லை, கைப்பிடி விரிசல் விட்டிருந்தாலும் மாற்றிக்கொள்ளலாம். முனையை ஒட்டித் துருக்குழி இருந்தால் மட்டும் வாங்காதீர்கள். தீட்டத் தீட்ட அந்தக் குழி முனைக்கே வந்து, அந்த இடத்தில் பல் விழும், அதாவது முனை சில்லாகப் பெயர்ந்துவிடும்.

எத்தனை டிகிரி சாய்த்துப் பிடிக்கவேண்டும்?

நீங்கள் சாய்க்கவே கூடாது. முதுகும் (முனைக்கு எதிரே உள்ள தடித்த பக்கம்) முனையும் ஒரே நேரத்தில் கல்லில் படிந்திருக்கவேண்டும். கோணத்தைக் கத்தியின் முதுகுத் தடிமனே முடிவுசெய்கிறது. 16 மி.மீ. அகலமும் 4.5 மி.மீ. முதுகும் உள்ள கத்தியில் இரு பக்கச் சரிவும் சேர்ந்து 16 டிகிரிக்குச் சற்று மேல் வரும். முதுகு தேயாமல் இருக்க இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று ஒட்டினால் இன்னொரு டிகிரி கூடும், அதில் தவறில்லை. ஆனால் ஒட்டித் தொடங்கினால் கடைசிக் கல் வரை ஒட்டியே தீட்டுங்கள். டேப் தேய்ந்தால் புதிதாக மாற்றுங்கள்.

என்னென்ன கல் வேண்டும்? பட்ஜெட் குறைவு.

1000, அடுத்து 4000 அல்லது 5000, பிறகு 8000, கடைசியாக 12000. நார்ட்டன் கம்பெனியின் 4000/8000 இரட்டைக் கல், நானிவா கம்பெனியின் 12000 இரண்டும் இந்த வேலைக்குப் பெயர்பெற்றவை. பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில் வெட்டியெடுக்கும் கோட்டிகுல் என்ற மஞ்சள் கல்லும் அருமையானது. அதற்குள் இருக்கும் நுண்ணிய கார்னெட் மணிகள்தான் எஃகை அறுக்கின்றன. ஆனால் இயற்கைக் கல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குணம், பழகுகிறவர் அதில் தொடங்கவேண்டாம். பணம் இடித்தால் 1000 கல் ஒன்று வாங்கிக்கொண்டு, மேலே உள்ள கட்டங்களுக்கு 3 மைக்ரான், 1 மைக்ரான் லேப்பிங் ஃபிலிமை (நுண்பொடி பூசிய மெல்லிய பிளாஸ்டிக் தாள்) தட்டையான கண்ணாடியில் ஒட்டித் தீட்டலாம்.

எந்தக் கல்லானாலும் முதலில் மட்டப்படுத்துங்கள், புதுக் கல்லும் மட்டமாக இருக்கும் என்று நம்பவேண்டாம். கல்மேல் பென்சிலால் கட்டம் போட்டு, கண்ணாடிமேல் விரித்த 320 நம்பர் வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். கோடுகள் எல்லா இடத்திலும் அழிந்தால்தான் கல் மட்டம்.

12000 வரை போய்விட்டேன், கத்தி இன்னும் முடியைப் பிடித்து இழுக்கிறது. 16000 கல் வாங்கவா?

வாங்கவேண்டாம் தம்பி. 1000 கல்லுக்கே திரும்பிப் போங்கள்.

இரண்டு பக்கச் சரிவும் ஒரே கோட்டில் சந்திக்கும் இடம்தான் முனை. அவை சந்திக்கும்வரை முனை என்று ஒன்று உருவாகவே இல்லை. அந்த நிலையில் 8000, 12000 எல்லாம் சரிவைப் பளபளப்பாக்குமே தவிர முனையைத் தொடாது. கண்ணாடிபோல மின்னியும் கத்தி அறுக்காததற்குக் காரணம் இதுதான்.

சரிவின் மேல் இரு பக்கமும் மார்க்கர் பேனாவால் தீற்றுங்கள். 1000 கல்லில் நாலைந்து முறை இழுத்துவிட்டு, வாட்ச் ரிப்பேர் செய்கிறவர் கண்ணில் மாட்டும் லென்ஸ் வழியாகப் பாருங்கள். முனையை ஒட்டி மை மெல்லிய கோடாக மிச்சமிருந்தால் கல் இன்னும் அங்கே எட்டவில்லை. பெரும்பாலும் நுனியிலும், கைப்பிடியை ஒட்டிய அடிப்பக்கத்திலும்தான் அப்படி மிச்சமிருக்கும்.

இழுக்கும்போது முனை முன்னால் போகவேண்டும். கல் கத்தியைவிடக் குறுகலாக இருந்தால் அடியில் தொடங்கி நுனியில் முடியும்படி குறுக்காக இழுங்கள், இரு பக்கமும் சேர்ந்தால் பெருக்கல் குறிபோல வரும். கல்லின் முடிவில் முதுகைக் கல்லிலிருந்து எடுக்காமல் அதன்மேலேயே புரட்டுங்கள். தொடக்கத்தில் லேசாக அழுத்தலாம். முடிக்கும்போது கத்தியின் எடையே போதும். அழுத்தினால் மெல்லிய அலகு வளைந்து, முனை கல்லிலிருந்து விலகிவிடும்.

முடிந்தது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? விளக்கொளியில் முனையை நேருக்கு நேர் பிடித்துப் பாருங்கள். எங்கும் ஒளி மின்னக்கூடாது, மின்னுகிற இடம் மழுங்கல். பிறகு, முன்கை ரோமத்தைத் தோலை ஒட்டி அடி, நடு, நுனி மூன்று இடத்தாலும் மழித்துப் பாருங்கள். 1000 கல்லிலேயே மூன்றும் மழிக்கவேண்டும். ஓரிடம் தவறினாலும் மேலே ஏறாதீர்கள். இது ஒரு மாலையையே விழுங்கலாம். பொறுமையாக இருங்கள், இங்கே சரியாகிவிட்டால் அதற்கு மேலுள்ள கற்களில் வேலை சீக்கிரம் முடிந்துவிடும்.

தலைமுடியைத் தொங்கவிட்டு வெட்டிப் பார்க்கும் சோதனை நம்பகமானதா?

முடிக்கு முடி மாறும். மெல்லிய முடி வெட்டுப்படாது, தடித்த முடி சுமாரான கத்தியிலும் விழும். ஒரே ஆளின் முடியை ஒவ்வொரு தடவையும் வைத்துப் பார்த்தால் ஓரளவுக்கு உதவும். என் கணக்கில் கன்னத்துச் சவரம்தான் உண்மையான சோதனை.

தெருவில் வரும் சாணை பிடிப்பவரிடம் கொடுக்கலாமா?

அரிவாளுக்கும் அரிவாள்மனைக்கும் அவர் கை போதும். சவரக்கத்தியை மட்டும் கொடுக்காதீர்கள். சக்கரத்தில் எழும் சூடு மெல்லிய முனையின் பதத்தை எடுத்துவிடும். எஃகு நீலம் பாய்ந்துவிட்டால் அந்த இடத்தில் முனை நிற்காது.

தோல்வாரில் எத்தனை தடவை இழுப்பது?

தோல்வார் என்பது சவரத்துக்கு முன் முனையைச் சீராக்க இழுக்கும் தோல் பட்டை; துணிவார் அதேபோலத் துணிப் பட்டை. ஒவ்வொரு சவரத்துக்கும் முன்பு துணிவாரில் 20, தோலில் 50 என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே திசை நேர்மாறு: முதுகு முன்னால், முனை பின்னால். வாரைத் தளரவிடாதீர்கள், தொய்ந்தால் முனை உருண்டுவிடும். வேகம் வேண்டாம். புதியவர்கள் வாரைக் கீறுவதெல்லாம் திரும்பும் இடத்தில் அவசரப்படுவதால்தான்.

சில மாதங்கள் கழித்துச் சவரம் கரகரத்தால், 0.5 மைக்ரான் குரோமியம் ஆக்சைடு (பச்சை நிற மெருகுப் பொடி) பூசிய தனி வாரில் பத்து இழுப்பு இழுங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் 12000 கல். மறுபடி 1000 தேவைப்படுவது முனையில் பல் விழுந்தால் மட்டுமே.

சென்னைக் காற்றில் இரண்டே நாளில் துருப்புள்ளி வந்துவிட்டது!

கார்பன் எஃகு அப்படித்தான். குளியலறையில் வைக்காதீர்கள், தோல் உறையிலும் வேண்டாம், உறை ஈரத்தைப் பிடித்துவைக்கும். துடைத்துக் காயவிட்டு, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவுங்கள். தேங்காய் எண்ணெய் நாளாகப் பிசுக்காகும்.

அப்பாவுக்கும் இதே கத்தியால் சவரம் செய்துவிடலாமா? அவர் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார்.

வேண்டாம் அம்மா. அந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்குச் சிறு கீறலிலும் ரத்தம் நிற்க நேரமாகும். அவருக்கு எலக்ட்ரிக் ஷேவர் நல்லது. மேலும், ஒருவர் கத்தியை இன்னொருவருக்குப் போடுவது எப்போதுமே ஆபத்து. ரத்தம் வழிப் பரவும் நோய்கள் இருக்கின்றன.

என் கத்தியின் முனை நேராக இல்லை, வில்போல வெளியே வளைந்திருக்கிறது. தேய்த்து நேராக்கவா?

நேராக்காதீர்கள், பல ஷெஃபீல்டு கத்திகளைச் செய்ததே அப்படித்தான். அடியில் தொடங்கும்போது அழுத்தம் அடிப்பக்கம் இருக்கட்டும். இழுத்துக்கொண்டே போகையில் கைப்பிடியை மெல்ல உயர்த்தி, நுனியில் முடியுங்கள். மார்க்கர் மை எல்லா இடத்திலும் ஒரே சீராக அழிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். முனை உள்ளே குழிந்திருந்தால் அது வேறு கதை: குழி போகும்வரை 1000 கல்லில் எஃகைத் தேய்த்தாக வேண்டும்.