கியர் சிக்கினால் மெசினைப் பிளக்கத்தான் வேண்டுமோ?

கேள்வி: ஐயா, எங்களிடம் அப்பா காலத்து மெஸ்ஸி பெர்குசன் 135 உழவு மெசின் இருக்கிறது. பெரும்போக உழவில் ரிவர்சிலிருந்து முன் கியருக்கு இழுத்தபோது சிக்கிக்கொண்டது. இப்போது லீவர் எந்தப் பக்கமும் தொளதொளவென்று ஆடுகிறது, கியர் மாறுவதில்லை. கராச்சில் மெசினை இரண்டாகப் பிளந்து கியர் பெட்டியைப் பிரிக்க வேண்டும் என்கிறார்கள். வேறு வழி உண்டா?
- வாசகர், தம்பலகாமம்

பதில்: தம்பி, அவசரப்பட்டுப் பிளக்க வேண்டாம். உள்ளே பல் உடைந்திருந்தால் சத்தம்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். லீவர் இப்படித் தொளதொளக்காது. உங்கள் கோளாறு பெரும்பாலும் மேலேயே இருக்கிறது.

உங்களுடையது ஆறு கியர் பெட்டியாக இருந்தால், பெரிய லீவரில் முன்னுக்கு மூன்று, பின்னுக்கு ஒன்று. மற்ற லீவர் ஹை, லோ. அந்த மூன்றும் இரண்டிலும் வருவதால்தான் முன்னுக்கு ஆறு. வயலில் ஒவ்வொரு வரம்பிலும் முன்னுக்கும் பின்னுக்கும் இடிபடுவது பெரிய லீவர்தான். அதன் கீழ் நுனி, உள்ளே கியரை நகர்த்தி மாற்றும் செலக்டரின் பள்ளத்தில் இருந்து அதைத் தள்ளும். நுனியும் பள்ளமும் தேய்ந்துவிட்டால், ஒருநாள் நுனி வெளியே நழுவிவிடும். செலக்டர் கியரிலேயே நிற்கும், லீவர் மட்டும் சும்மா ஆடும்.

மெசினைச் சமதரையில் நிறுத்திச் சில்லுகளுக்குக் கல் வையுங்கள். பற்றறி வயரைக் கழற்றுங்கள். மூடியைத் திறக்க முன் லீவரைச் சுற்றியுள்ள வயல் மண்ணை நன்றாகத் துடையுங்கள். கியருக்கும் ஐட்ரோலிக்குக்கும் அதே ஒயில்தான். உள்ளே விழும் மண் பம்பு வரை போகும். லீவர் மூடியைத் தூக்கி டோர்ச் அடித்துப் பாருங்கள். நியூட்ரலில் செலக்டர் பள்ளங்கள் ஒரே நேராக நிற்க வேண்டும். உங்களுடையதில் ஒன்று முன்னுக்கோ பின்னுக்கோ தள்ளி நிற்கும். நீளமான ஸ்குரூ ட்றைவரால் அதை மெல்ல நெம்புங்கள். செலக்டரை அதன் இடத்தில் பிடித்து நிறுத்தும் ஸ்பிரிங் முளை தன் குழியில் 'டக்' என்று விழுவது கையில் தெரியும். இனி லீவரைப் பள்ளத்துக்குள் இறக்கி மூடலாம்.

இது அன்றைய உழவுக்குப் போதும், அவ்வளவுதான். தேய்ந்த நுனி மறுபடி நழுவும். லீவரைக் கழற்றி ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோய், நுனிக்கு வெல்டிங் வைத்து உருட்டிக் கடையச் சொல்லுங்கள். அராவ அராவப் பள்ளத்தில் வைத்துப் பாருங்கள். ஆட்டம் இருக்கக் கூடாது, இறுகவும் கூடாது. இறுகினால் முன்னதைவிடக் கரைச்சல்.

சுமை இழுக்கும்போது கியர் தானாகக் கழன்றால் அது வேறு கதை. முளையின் ஸ்பிரிங் களைத்திருந்தால் சில்லறை வேலை. பற்கள் சரிந்து தேய்ந்திருந்தால் கராச்சுக்காரர் சொன்னதுதான் சரி.

லீவர் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். எங்கள் திருகோணமலை மாரி மழைக்கு அந்த ஓட்டை போதும், ஒயில் பால்தேத்தண்ணி நிறத்துக்கு மாறிவிடும். அப்படியென்றால் ஒயில் முழுவதையும் மாற்றத்தான் வேண்டும். புது ரப்பர் கிடைக்கும் வரை பழைய ரியூப் துண்டைச் சுற்றிக் கட்டுங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஹை, லோ லீவர் நியூட்ரலில் இருந்தால்தான் ஸ்டார்ட்டர் வேலை செய்யும்படி ஒரு சுவிட்ச் இருக்கிறது. பலர் அதை வெட்டி வயரை நேராக இணைத்து வைத்திருக்கிறார்கள். வெளியே லீவர் நியூட்ரல் போல ஆட, உள்ளே கியர் விழுந்திருக்கும் உங்கள் மெசினை அப்படிக் கீழே நின்று ஸ்டார்ட் பண்ணினால் ஆளின் மேலேயே ஏறும். உங்களுடையதிலும் வெட்டியிருந்தால், பற்றறி வயரைத் திரும்பக் கொழுவ முன் அதை இணைத்துவிடுங்கள்.