தரைக்கு அடியில் ஒயரா? பைப் இல்லாமல் வேண்டாம்

புது அறைக்குப் போகும் ஒயரை அப்படியே தரையில் புதைத்து மேலே கான்கிரீட் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாங்க. நாளைக்கு ஒயர் பழுதானால் தரையைத்தான் உடைக்க வேண்டும். கனமான பிவிசி பைப்புக்குள் ஓட்டுங்கள். முக்கால்வாசி தகராறு வளைவில்தான்: சட்டென்று மடங்கும் எல்போ போட்டால் ஒயர் அங்கே சிக்கி நிற்கும், எவ்வளவு இழுத்தாலும் வராது. நீள் வளைவு பெண்டு போடுங்கள். பைப்பின் உள்ளிடத்தில் 40 சதவீதத்துக்கு மேல் ஒயர் நிரப்ப வேண்டாம். சூடு வெளியேற வழி வேண்டுமே. ஜாயின்ட் எதுவும் தரைக்குள் கூடாது, சுவர்ப் பெட்டியில் மட்டும்.

கான்கிரீட் போடுமுன் பைப் வாய்களை டேப்பால் அடைத்துவிடுங்கள். சிமெண்ட் பால் உள்ளே இறங்கி இறுகினால் அந்தப் பைப் அவ்வளவுதான். பைப் எங்கே போகிறது என்று பின்னால் தெரிய, அளவு நாடாவைப் பக்கத்தில் வைத்து ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள். இணைப்புக் கொடுக்குமுன் எலக்ட்ரீஷியனிடம் 500 வோல்ட் மெக்கர் சோதனை (ஒயரின் காப்பு உறையில் மின்கசிவு இருக்கிறதா என்று பார்ப்பது) கேளுங்கள்.