நிறம் இறுகும் நேரம்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மயிலாடுதுறைக்கு அருகில் ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். வணிகவியல் படித்துவிட்டு ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். பள்ளி நாட்களிலிருந்தே போஸ்டர் கலரில் வரைந்து வருகிறேன். ஞாயிறுதோறும் கும்பகோணத்தில் ஓர் ஆசிரியரிடம் தஞ்சாவூர் ஓவியம் கற்றுக்கொள்கிறேன். சென்ற தீபாவளிக்கு அண்ணன் ஒரு டேப்லெட் வாங்கிக் கொடுத்தார். அதில் வரையப் பழகியபின் திருமண அழைப்பிதழுக்கும் வளைகாப்புப் பரிசுக்கும் உருவப்படம் கேட்டு வருகிறார்கள். கொஞ்சம் பணமும் கிடைக்கிறது. இதை அறிந்த என் ஆசிரியர், "கணினி போட்டுத் தருவதை நீ வரைந்தாய் என்று சொல்லாதே; இரண்டில் ஒன்றை வைத்துக்கொள்" என்கிறார். எதை வைத்துக்கொள்வது? உங்களுக்குப் பிடித்த ஊடகம் எது? இன்னொன்றும் கேட்க வேண்டும். தஞ்சாவூர்ப் படம் போலவே கணினியில் வரைந்து, கேன்வாஸில் அச்சிட்டுச் சட்டம் போட்டுத் தரும்படி சிலர் கேட்கிறார்கள். செய்யலாமா?

இப்படிக்கு,
ர.

அன்புள்ள ர.,

உங்கள் ஆசிரியரின் கோபம் எனக்குப் புரிகிறது. அவர் சொல்லும் தீர்ப்பு மட்டும் எனக்கு ஏற்புடையதாக இல்லை. காவிரிப் படுகையின் ஊர்களில் கடைப் பெயர்ப்பலகையும் சுவர் விளம்பரமும் திருவிழாத் தட்டியும் எழுதிப் பிழைத்த ஒரு தலைமுறை இருந்தது. ஃபிளெக்ஸ் அச்சு பரவியபின் அவர்களில் பலர் தூரிகையை வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனார்கள். அதைக் கண்ணெதிரே பார்த்தவர் கணினி என்றதும் முகம் சுளிப்பதில் வியப்பில்லை. ஆனால் ஃபிளெக்ஸில் எழுத்துரு இயந்திரத்திலிருந்து வருகிறது. உங்கள் டேப்லெட்டில் மணப்பெண்ணின் மூக்கு எங்கே திரும்புகிறது என்பதை நீங்கள்தான் பார்த்து, நீங்கள்தான் கோடு இழுக்கிறீர்கள். முகத்தின் அளவு தெரியாதவருக்கு எந்தக் கருவியும் அதை வரைந்து தருவதில்லை. சொற்களைத் தட்டினால் படம் செய்து தரும் மென்பொருள்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை; அந்த வழக்கை இங்கே இழுக்க வேண்டாம்.

இயந்திரத்துக்காக வரைவதும் நம் ஓவியர்களுக்குப் புதியதன்று. தஞ்சாவூரில் 1924-இல் பிறந்து, கும்பகோணம் ஓவியப் பள்ளியில் பயின்ற கோபுலுவை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் ஆனந்த விகடனில் வரைந்த காலத்தில் கோட்டோவியம் துத்தநாகத் தகட்டில் பிளாக் எடுக்கப்பட்டு அச்சுக்குப் போகும். கோட்டு பிளாக்குக்குக் கறுப்பும் வெள்ளையும் மட்டுமே தெரியும். இடையிலுள்ள சாம்பல் அதில் ஏறாது. ஒரு திண்ணையின் நிழல் வேண்டுமென்றால் கோடுகளை நெருக்கியும் விலக்கியும் அதை உண்டாக்க வேண்டும். தமிழ் இதழோவியத்தின் கோட்டுத் திறத்தில் பெரும்பங்கு இந்த நெருக்கடியிலிருந்து வந்தது என்றே நான் கருதுகிறேன். அவர் மூலத்தைத் தாளில் வரைந்தார் என்பது உண்மை. ஆனால் அது வாசகரின் கைக்கு எப்படிப் போய்ச் சேரும் என்று தெரிந்துதான் வரைந்தார். பிற்காலத்தில் பக்கவாதத்தால் வலக்கை முடங்கியபோது இடக்கையால் வரையப் பழகியவர் அவர் என்பதையும், "கை" என்ற சொல்லை அடிக்கடி பயன்படுத்தும் எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஆகவே மரபா கணினியா என்ற பிரிவினை எனக்கு அதிகம் உதவுவதில்லை. ஊடகங்களை நான் வேறொரு கேள்வியைக் கொண்டு பிரித்துப் பார்ப்பேன்: வரைபவர் எடுத்த முடிவு எந்தக் கட்டத்தில் மாற்ற முடியாததாக ஆகிறது?

உங்கள் ஊரைச் சுற்றியே இதற்கு எடுத்துக்காட்டுகள் நிறைய உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலில் கருவறையைச் சுற்றியுள்ள உள்பாதையின் சுவர்களில், நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் சோழர் கால ஓவியங்கள் இருப்பதை 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். சுந்தரர் வெள்ளை யானை மீதும் சேரமான் பெருமாள் குதிரை மீதும் கயிலைக்குச் செல்லும் காட்சி அங்கே இருக்கிறது. சுண்ணாம்புப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே அதன்மேல் நிறம் வைக்கும் முறையில், சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கிக் கல்லாக இறுகுகிறது. நிறமும் அதனுள்ளேயே சிக்கி இறுகிவிடுகிறது. ஓவியருக்குக் கிடைப்பது ஈரம் நிற்கும் சில மணி நேரம்தான். பிடிக்கவில்லை என்றால் பூச்சையே கொத்தி எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டும்.

துணியில் சாயத்தால் கைப்பட வரையும் கருப்பூர்க் கலம்காரியில் நிலைமை இன்னும் கடுமையானது. கடுக்காய்ச் சாற்றில் தோய்த்துக் காயவைத்த துணியின்மேல், வெல்லமும் இரும்பும் ஊறிப் புளித்த கரைசலை மூங்கில் குச்சியால் இழுத்தால், இழுத்த இடத்தில் கறுப்பு பிறந்துவிடுகிறது. அதை அழிக்க வழியில்லை. சிவப்புக்குப் படிகாரக் கரைசலை வைக்கும்போது துணியில் நிறமே சரியாகத் தெரியாது. பின்னால் சாயத்தில் கொதிக்கும்போதுதான் சிவப்பு எழும். கோயிலில் தொங்கவிடும் துணிக்குழல்களான தொம்பைகளுக்கும் விதானங்களுக்கும் வரைபவர், வைக்கும்போது கண்ணுக்குப் படாத நிறத்தை நம்பிக் கையை நகர்த்துகிறார். தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியத்தில் வரிசையே தலைகீழ். கண்ணாடியின் பின்புறத்தில் வரைவதால், வேறு படங்களில் கடைசியாக வைக்கும் நகைக்கோடும் கண்மணியும் இங்கே முதலில் வந்தாக வேண்டும். உடல் நிறம் அடுத்து, பின்னணி கடைசி. நிறத்தைப் பூசி முடித்தபின், "கண்ணைக் கொஞ்சம் பெரிதாக்கலாமே" என்று தோன்றினால் ஒன்றும் செய்ய இயலாது.

உங்கள் ஞாயிறு வகுப்பும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். பலகையில் துணி ஒட்டி, சுக்கான் மாவும் பசையும் பூசித் தேய்த்து, கோட்டுப்படத்தைப் பலகைக்கு மாற்றி, கல் பதித்து, புடைப்புக்கான பசையாகிய மக்கு வைத்து, பொன்தாள் ஒட்டி, அதன் பிறகே வண்ணத்துக்கு வருகிறீர்கள். பொன் ஏறியபின் திருவாசியை ஓர் அங்குலம் நகர்த்த நினைப்பது வீண். அந்த வகுப்பில் நீங்கள் கற்பது தெய்வ உருவங்களை மட்டுமன்று. எந்த முடிவை எப்போது எடுத்து முடித்துவிட வேண்டும் என்ற ஒழுங்கையும்தான்.

டேப்லெட்டில் இறுகும் கட்டம் என்று ஒன்று கிடையாது. புரோகிரியேட் போன்ற செயலியில் 250 படிகள் வரை பின்னோக்கிப் போகலாம். படத்தின் பகுதிகளைத் தனித்தனி அடுக்குகளில் (லேயர்) வைத்திருந்தால் ஓராண்டு கழித்தும் சேலையின் நிறத்தை மாற்றலாம். கற்பவருக்கு இது பெரும் கொடை. ஒரே முகத்துக்கு ஐந்து விதமான ஒளி வைத்துப் பார்க்க முன்பு ஐந்து தாளும் ஐந்து மாலைப்பொழுதும் செலவாகும். இப்போது காசு செலவில்லை. ஆனால் இறுகாத ஊடகத்தில் முடிவெடுப்பதை நாளைக்குத் தள்ளிப்போடும் பழக்கம் வெகு எளிதாக வந்துவிடுகிறது. நிறைய அடுக்குகளும் நிறையத் திருத்தங்களும் கொண்ட, எந்தக் கோட்டிலும் உறுதி இல்லாத படங்களை இளையவர்கள் எனக்கு அனுப்புகிறார்கள். முகத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி இமைமுடி வரைக்கும் வரைந்திருப்பார்கள். விலக்கிப் பார்த்தால் கழுத்து தோளில் உட்கார்ந்திருக்காது. உங்கள் வாடிக்கையாளர்களும் இந்த ஊடகத்தின் இயல்பை அறிந்தவர்களே. பலகையில் முடித்த படத்தைப் பார்த்து மாற்றச் சொல்லத் துணியாதவர், கணினிப் படத்துக்கு ஐந்தாம் முறையாகத் திருத்தம் சொல்லுவார். இரண்டு திருத்தங்களுக்கு மேல் தனிக் கட்டணம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எனக்குப் பிடித்தது எது என்று கேட்டீர்கள். தயக்கமின்றிச் சொல்வேன்: நீர்வண்ணம். இது வெளிநாட்டுச் சரக்கு என்று எண்ண வேண்டாம். இரண்டாம் சரபோஜியின் காலத்தில், அதாவது 1798 முதல் 1832 வரையிலான ஆண்டுகளில், பலகையிலும் பொன்னிலும் பழகிய தஞ்சை ஓவியர்களே கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளுக்காக ஐரோப்பியத் தாளில் நீர்வண்ணத்தால் தொழில்களையும் திருவிழாக்களையும் மக்களின் உடைகளையும் வரைந்தார்கள். வாங்குபவரும் தாளும் மாறியபோது அவர்கள் ஊடகத்தை மாற்றிக்கொண்டார்கள். அவர்களை மரபு கெட்டவர்கள் என்று இன்று யாரும் சொல்வதில்லை.

நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது தாள்தான். நெற்றியில் விழும் ஒளியையும் வாய்க்கால் நீரின் மினுக்கத்தையும் நீங்கள் வரைவதில்லை. அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிடுகிறீர்கள். எதைத் தொடக்கூடாது என்பதை முதல் தூரிகைக்கு முன்பே தீர்மானிக்க வைக்கும் இந்தக் கண்டிப்பு எனக்கு உவப்பானது. பருவமும் இதில் கை வைக்கும். சித்திரை வெயிலில் வானத்தை ஒரே பூச்சாகக் கொண்டுவருவதற்குள் மேல்பாதி காய்ந்து விளிம்பு கட்டிவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அதே பூச்சு காயாமல் கிடந்து, அவசரப்பட்டு அடுத்த நிறத்தை வைத்தால் ஓரமெல்லாம் காலிஃபிளவர் போலப் பொரிந்து பரவும். நான் வீடுகளையும் மரங்களையும் சித்திரையிலும் வயலையும் மேகத்தையும் மழைக்காலத்திலும் வரைவது இதனால்தான். வண்ணத்தில் மிச்சம் பிடித்தாலும் தாளில் பிடிக்காதீர்கள்: 300 ஜிஎஸ்எம் எடையுள்ள பருத்தித் தாள் விலை கூடுதல்தான், ஆனால் மெல்லிய தாள் நீர் பட்டதும் அலையலையாக எழும்பி, குற்றம் உங்கள் கையில் இருப்பதாக உங்களை நம்ப வைத்துவிடும். முடித்த படங்களைப் பூஞ்சையிடமிருந்தும் தாள் தின்னும் இராமபாணப் பூச்சியிடமிருந்தும் காப்பது நம் பகுதியில் தனி வேலை. கணினிக் கோப்புக்கு அந்தத் தொல்லை இல்லை என்று மகிழ வேண்டாம், கருவி ஒருநாள் எழாமல் போனால் பூஞ்சை தின்ற மிச்சம்கூடக் கிடைக்காது. இரண்டு இடங்களில் படியெடுத்து வையுங்கள்.

நீர்வண்ணத்துக்கு அடுத்து நிப்புப் பேனாவும் இந்திய மையும். அக்ரிலிக் எனக்கு ஒத்துவரவில்லை. காய்ந்தபின் நிறம் ஒரு படி கறுத்துவிடுவதும், மேற்பரப்பு பிளாஸ்டிக் தோலாக நிற்பதும் என் கண்ணுக்கு உறுத்துகின்றன. எண்ணெய் வண்ணத்துக்குப் பொறுமை வேண்டும், இடமும் வேண்டும். கும்பகோணத்துக்கு அருகில் பிறந்து, 2021-இல் கோவிட் தொற்றால் மறைந்த ஓவியர் இளையராஜா அதில் நம் கிராமத்துப் பெண்களின் மேனி நிறத்தையும் அடுக்களை ஒளியையும் எட்டிய விதத்தைப் பார்த்தபின், அந்த ஊடகத்தைக் குறை சொல்ல நாக்கு எழாது. அவருடைய ஓவியங்களை நம்மில் பெரும்பாலோர் இதழ்களிலும் கைப்பேசியிலும்தான் பார்த்தோம் என்பதும் உண்மை.

உங்கள் நிலைமைக்கு வருகிறேன். இரண்டில் ஒன்றை விட வேண்டியதில்லை. எந்தப் படம் எங்கே போய் முடியப்போகிறதோ, அதற்கேற்ற ஊடகத்தில் அதைத் தொடங்குங்கள். அழைப்பிதழ் கைப்பேசியிலும் அச்சகத்திலும் முடிகிறது. அதைத் தாளில் வரைந்து, ஸ்கேன் செய்து, நிறம் திருத்திக்கொண்டிருப்பதில் பொருளில்லை. தொடக்கத்திலேயே அச்சு அளவுக்குத் திறந்துகொள்ளுங்கள்: ஏ3 அளவை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) அச்சிட 3508-க்கு 4961 பிக்சல் வேண்டும், சிறிதாக வரைந்துவிட்டுப் பின்னர் பெரிதாக்கினால் கோடு மங்கும். திரையில் பளிச்சிடும் மயில்நீலமும் கிளிப்பச்சையும் ஒளியால் ஆனவை. அச்சகத்தின் நான்கு மைகளில் அவை எட்டாது, மங்கியே வரும். அச்சகத்தில் ஒரு சோதனைப் படி எடுத்துப் பார்த்த பிறகே வாடிக்கையாளருக்கு நிறத்தை உறுதி சொல்லுங்கள். கருவிக்கு மேலும் செலவழிக்க வேண்டாம். கிரிதா போன்ற இலவச மென்பொருளே உங்களுக்குப் போதும்.

கூடவே ஒரு பயிற்சியும் வைத்துக்கொள்ளுங்கள். நாள்தோறும் ஒரு பக்கம், பென்சில் தொடாமல், நேரடியாக மையில் வரையுங்கள்: கடையில் புடவை மடிக்கும் கை, பேருந்தில் உறங்கும் முகம், எதுவானாலும். தவறிய கோட்டை அழிக்காமல், சரியான கோட்டை அதன் பக்கத்திலேயே போடுங்கள். டேப்லெட்டில் உங்கள் கை தளர்வதை இது தடுக்கும். கணினியில் மட்டும் வரைபவர்களிடம் நான் காணும் குறையில் பாதி இந்தப் பயிற்சி இல்லாததால் வருவது.

கடைசிக் கேள்விதான் உண்மையில் கடினமானது. தஞ்சாவூர் ஓவியத்தில் பொன் ஒரு நிறமாக வைக்கப்படுவதில்லை. மக்கு வைத்துப் புடைத்த பரப்பின்மேல் அது ஒட்டப்படுவதால், பூசையறையில் விளக்குச் சுடர் அசையும்போது ஒளி அந்த மேடு பள்ளங்களில் இடம் மாறிக்கொண்டே இருக்கும். பார்ப்பவர் ஓரடி நகர்ந்தால் ஆபரணம் வேறாகத் தெரியும். அச்சில் நீங்கள் தரப்போவது மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறப்படிகள். அதில் ஒளி நீங்கள் வரைந்த பக்கத்திலிருந்தே எந்நேரமும் விழுந்துகொண்டிருக்கும். ஆகவே அது தஞ்சாவூர் ஓவியத்தைப் பார்த்து வரைந்த ஒரு படம். அந்த அளவில் அதை விற்பதில் குற்றமில்லை. சட்டத்தின் பின்புறம் "கணினியில் வரைந்து அச்சிட்டது" என்று எழுதி, அச்சுக்குரிய விலையை மட்டும் வாங்குங்கள். தஞ்சாவூர் ஓவியம் என்ற பெயருக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அந்தப் பெயரை இந்தப் படத்தின்மேல் ஒட்டாதீர்கள். மேலே அங்கங்கே பொன்தாளைத் தடவிக் கொடுத்து, வாங்குபவர் தானாகவே தவறாக நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடும் வேலை மட்டும் வேண்டாம். அதைச் செய்பவர்கள் இருக்கிறார்கள்.

உங்கள் டேப்லெட் அந்தப் பலகைக்கும் பயன்படும். பல பட்டறைகளில் பழைய கோட்டுப்படியை டிரேசிங் தாளில் ஒற்றி எடுத்துத்தான் பலகைக்கு மாற்றுகிறார்கள். நீங்கள் புதிய கோட்டுப்படியை டேப்லெட்டில் மெய்யான அளவிலேயே வரையலாம்; திருவாசி, மண்டபத் தூண், திரைச்சீலை ஆகியவற்றைத் தனித்தனி அடுக்கில் வைத்து நகர்த்திப் பார்க்கலாம்; பிறகு வெறும் கோட்டை மட்டும் அச்சிட்டு ஞாயிறன்று ஆசிரியரிடம் கொண்டுபோகலாம். எதில் வரைந்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லிவிட்டு, எங்கே திருத்த வேண்டும் என்று கேளுங்கள். தூண் ஒல்லியாக இருக்கிறது, முகம் அரை விரல் கீழே இருக்கிறது என்று அவர் சொல்லக்கூடும். மக்கு வைப்பதற்கு முன் அவற்றையெல்லாம் மாற்றிக்கொள்ள முடியும்.

அன்புடன்.