நான் திறந்துவிட்ட கேஸ் இப்போது எங்கே இருக்கிறது?

கேள்வி: உலக அளவில் முக்கியமான சுற்றுச்சூழல் பிரச்சினைகள் என்னென்ன? அவற்றின் காரணங்கள், விளைவுகள் என்ன? (மகளின் பள்ளி ஒப்படைப்புக்காகக் கேட்கிறேன்.)

புவி வெப்பமடைதல், ஓசோன், காடழிப்பு, பிளாஸ்டிக், தண்ணீர்ப் பஞ்சம் என்று பட்டியல் எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடைக்கும். நான் ஃப்ரிட்ஜ், ஏசி மெக்கானிக். அந்தப் பட்டியலில் இரண்டு, ஓசோனும் புவி வெப்பமடைதலும், என் கை வழியாகவே போயிருக்கின்றன. தெரிந்த அந்த இரண்டை மட்டும் சொல்கிறேன், மகளுக்கு உதவுமா பாருங்கள்.

1998ல் மதுரையில் ஒரு சர்வீஸ் கடையில் ஹெல்பராகச் சேர்ந்தேன். கம்ப்ரஸர் போன ஃப்ரிட்ஜ் வந்தால் என் முதல் வேலை உள்ளே சுற்றிக் குளிர வைக்கும் கேஸை வெளியேற்றுவது. "கேஸை எடுத்து விட்றா தம்பி" என்பார் கடைக்கார அண்ணன். சார்ஜிங் குழாயைப் பிளையரால் நறுக்கினால் புஸ்ஸென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வெள்ளை நிற சிலிண்டரில் வரும் ஆர்-12. வாசனை இல்லை, நெருப்புப் பிடிக்காது, மூச்சில் கொஞ்சம் போனாலும் ஒன்றும் செய்யாது. குழாய்க்குள் தூசி இருந்தால் அதை ஊதித் தள்ளக்கூட அந்த கேஸைத்தான் பயன்படுத்துவோம்.

லீக் பார்க்க கடையில் பழைய டார்ச் ஒன்று இருந்தது. சுடருக்கு மேல் ஒரு செம்புத் தகடு, பக்கத்தில் ஒரு ரப்பர் குழாய். குழாயின் நுனியை ஒவ்வொரு ஜாயின்ட் பக்கமாகக் கொண்டுபோனால், கேஸ் கசியும் இடத்தில் நீலச் சுடர் பச்சையாக மாறும். எனக்கு அது ஏதோ மாயவித்தை மாதிரி இருந்தது. கேஸில் இருக்கும் குளோரின் சூடான செம்போடு சேர்வதால் வருகிற பச்சை அது என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. ஓசோனைத் தின்றதும் அதே குளோரின்தான்.

இந்த கேஸைக் கெட்ட எண்ணத்தோடு யாரும் கண்டுபிடிக்கவில்லை. 1920களின் ஃப்ரிட்ஜ்களில் அமோனியா, சல்ஃபர் டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு இருந்தன. கசிந்தால் ஆள் செத்துப்போகலாம். அதற்கு மாற்றாகத்தான் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்பவரின் குழு ஆர்-12ஐ உருவாக்கியது. 1930ல் வேதியியலாளர்கள் கூட்டத்தில் அவர் அந்த கேஸை இழுத்து மூச்சுவிட்டு எரிகிற மெழுகுவர்த்தியை அணைத்துக் காட்டினாராம்: விஷமும் இல்லை, எரியவும் எரியாது! (பெட்ரோலில் ஈயம் கலக்கும் யோசனையும் இவருடையதுதான். ஒரே ஆளுக்கு இரண்டு.) வீட்டுக்குள் வைக்கும் பெட்டிக்கு நிஜமாகவே பாதுகாப்பான கேஸ்தான் அது. எதோடும் வினைபுரியாது, அதனால் அழியாது. தொல்லை அந்த அழியாத குணத்தில்தான் இருந்தது.

தரைக்குப் பக்கத்தில் அதை உடைக்க எதுவும் இல்லை. காற்றோடு கலந்து மெல்ல மெல்ல மேலே போய், ஓசோன் இருக்கும் உயரத்தைத் தொட்டபிறகு சூரியனின் புற ஊதாக் கதிர் பட்டு உடைகிறது. அப்போது வெளிவரும் ஒரு குளோரின் அணு, ஓய்வதற்குள் ஒரு லட்சம் ஓசோன் மூலக்கூறுகள் வரை சிதைக்கலாம். இதை 1974ல் சொன்னவர்கள் மோலினா, ரோலண்ட் என்ற இரண்டு வேதியியலாளர்கள். கேஸ் தயாரித்த நிறுவனங்கள் வெறும் ஊகம் என்றன. 1985ல் அண்டார்டிகாவில் இருந்த பிரிட்டிஷ் ஆய்வாளர்கள், அங்கே ஒவ்வொரு வசந்தத்திலும் ஓசோன் சரிவதை வெளியிட்ட பிறகுதான் உலகம் விழித்தது.

கேஸ் விட்டது மதுரையில், ஓட்டை விழுந்தது ஏன் தென் துருவத்தில்? எனக்கும் இந்தக் குழப்பம் இருந்தது. காற்றில் கலந்த கேஸ் உலகம் முழுக்கப் பரவிவிடுகிறது. ஆனால் துருவக் குளிரில் அந்த உயரத்தில் பனிமேகங்கள் உண்டாகின்றன. அடங்கிக் கிடக்கும் குளோரினை வினைக்குத் தயார் செய்து வைப்பவை அந்த மேகத் துகள்கள்தான். செப்டம்பரில் வெயில் எட்டிப் பார்த்ததும் வேட்டை தொடங்கிவிடும். ஓசோன் குறைந்தால் தரைக்கு வரும் புற ஊதாக் கதிர் கூடும். தோல் புற்று, கண்புரை, கடலில் மிதவை நுண்ணுயிர்களுக்குச் சேதம் என்று விளைவுகள் நீளும். பாடப்புத்தகம் இதைச் சரியாகவே எழுதியிருக்கும்.

1987 செப்டம்பர் 16ல், ஓசோனைக் கெடுக்கும் கேஸ்களை நிறுத்த நாடுகள் சேர்ந்து போட்ட மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. இந்தியா 1992ல் சேர்ந்தது. 2008 ஆகஸ்டில், ஆஸ்துமா இன்ஹேலர் தவிர மற்ற உபயோகங்களுக்கான சிஎஃப்சி (ஆர்-12 சேர்ந்த கேஸ் குடும்பத்தின் பெயர்) உற்பத்தி இங்கே நின்றது. கடையில் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் வெள்ளை சிலிண்டர் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் விலை அதிகம் என்பதுதான். ஓசோனைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்து நாங்கள் யாரும் ஆர்-12ஐ விடவில்லை, கடையில் இல்லாததால் விட்டோம். இது வெட்கப்பட வேண்டிய விஷயமாக எனக்குப் படவில்லை. தெருவுக்குத் தெரு இருக்கும் மெக்கானிக்கைத் திருத்துவதைவிட, விரல்விட்டு எண்ணக்கூடிய ஆலைகளில் உற்பத்தியை நிறுத்துவது எளிது. அந்த ஒப்பந்தம் வேலை செய்ததற்கு என் கணக்கில் முக்கியக் காரணம் அதுதான். அப்படியும் 2012க்குப் பிறகு கிழக்குச் சீனாவில் திருட்டுத்தனமாக ஒரு சிஎஃப்சி வெளியேறியதை விஞ்ஞானிகள் காற்றை அளந்தே கண்டுபிடித்தார்கள். பிறகு அது குறைந்தது. இப்படியே போனால் உலகின் பெரும்பகுதியில் 2040 வாக்கிலும், அண்டார்டிகாவில் 2066 வாக்கிலும் ஓசோன் 1980ன் அளவுக்குத் திரும்பும் என்பது ஐநா மதிப்பீடு.

ஏன் இவ்வளவு தாமதம் என்றால், ஆர்-12 காற்றில் தங்கும் ஆயுள் ஏறக்குறைய 100 ஆண்டு. 1998ல் நான் நறுக்கிவிட்ட குழாய்களில் இருந்து போனதில் சுமார் முக்கால்வாசி இன்னும் மேலேதான் இருக்கிறது.

சரி, இரண்டாவது விஷயத்துக்கு வருகிறேன். ஆர்-12க்குப் பதிலாக ஃப்ரிட்ஜுக்கு ஆர்-134ஏ வந்தது. ஏசியில் முன்பிருந்தே இருந்த ஆர்-22க்குப் பதில் ஆர்-410ஏ வந்தது. புதிதாக வந்த இரண்டிலும் குளோரின் இல்லை, டார்ச்சில் பச்சை வராது. ஓசோனுக்கு ஆபத்தில்லாத கேஸ் என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்றார்கள், அது உண்மையும்கூட. ஆனால் வெப்பத்தைப் பிடித்து வைப்பதில் 410ஏ ஒரு கிலோ, கார்பன் டை ஆக்சைடு சுமார் 2,000 கிலோவுக்குச் சமம். ஒரு நோய்க்குக் கொடுத்த மருந்து இன்னொரு நோயை வளர்த்தது. பட்டியலில் தனித்தனி எண் போட்டு எழுதுகிறோமே, அவை அப்படித் தனித்தனியாக இருப்பதில்லை என்று மகளிடம் சொல்லுங்கள்.

ஒரு சின்னக் கணக்கு. பழைய ஸ்ப்ளிட் ஏசியில் ஒரு கிலோ ஆர்-22 இருப்பதாக வைப்போம். வீடு மாற்றும்போது அவசரத்தில் நட்டைத் தளர்த்தி அதை வெளியே விட்டால், அது சுமார் 1,800 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ வருகிறது. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் பைக்கில் 39,000 கிலோமீட்டர் ஓட்டிய மாதிரி. கன்னியாகுமரியிலிருந்து சென்னைக்கு இருபத்தைந்து தடவைக்கு மேல் போய்த் திரும்பலாம். இரண்டு நிமிட வேலைக்கு!

2016ல் ருவாண்டா நாட்டின் கிகாலியில் மாண்ட்ரியல் ஒப்பந்தத்தைத் திருத்தி, 134ஏ, 410ஏ மாதிரி கேஸ்களையும் படிப்படியாகக் குறைக்க முடிவெடுத்தார்கள். இந்தியா 2021ல் ஏற்றுக்கொண்டது. இப்போது புது ஏசிகளில் அதிகம் வருவது ஆர்-32, வெப்பத்தைப் பிடிப்பதில் கார்பன் டை ஆக்சைடைப்போல ஏறக்குறைய 675 மடங்கு. ஃப்ரிட்ஜில் ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன், மிகமிகக் குறைவு. ஆனால் இவை தீப்பிடிக்கும். மிட்ஜ்லி அணைத்துக் காட்டிய மெழுகுவர்த்தியிடமே திரும்பி வந்துவிட்டோம் என்று ஒருநாள் பிரேசிங் (சுடரில் குழாயை ஒட்டும் வேலை) செய்துகொண்டே நினைத்துக்கொண்டேன். அப்புறம், ஏசி ஓட்ட நிலக்கரியில் எடுக்கும் மின்சாரம் தனிக் கதை. வெயில் கூடக் கூட ஏசி கூடும், ஏசி கூடக் கூட வெயில் கூடும்.

ஒப்படைப்பில் ஒரு பத்தி சேர்க்க இடமிருந்தால் இதையும் எழுதச் சொல்லுங்கள். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகிற பொருள் இல்லை. வருடா வருடம் கேஸ் குறைந்துவிட்டது என்று யாராவது ஏற்றினால் எங்கேயோ கசிகிறது. முதலில் ஓட்டையை அடைக்கச் சொல்ல வேண்டும். ஏசியைக் கழற்றி மாட்டும்போது "பம்ப் டவுன் பண்ணிட்டுக் கழற்றுங்கண்ணே" என்று கேளுங்கள். ஏசி ஓடும்போதே மெல்லிய குழாயின் வால்வை ஆலன் கீயால் மூடினால், கம்ப்ரஸர் கேஸை வெளியே இருக்கும் யூனிட்டுக்குள் இழுத்துக்கொள்ளும். பிறகு தடித்த குழாயின் வால்வையும் மூடிவிட்டு உடனே நிறுத்த வேண்டும். பத்து நிமிடம் ஆகும். சில பேர் முகம் சுளிப்பார்கள், ஆனால் கேட்டால் செய்துவிடுவார்கள். நானும் ஒரு வாடிக்கையாளர் கேட்ட பிறகுதான் ஒழுங்காகச் செய்ய ஆரம்பித்தேன்.