பேட்ஜில் நிறம் ஏன் உரிகிறது?

கேள்வி: மகளின் பள்ளி பேட்ஜில் சிவப்பு நிறம் ஆறே மாதத்தில் உரிந்துவிட்டது. என் அப்பாவின் பழைய எனாமல் பேட்ஜ் இன்றும் மின்னுகிறது. என்ன வித்தியாசம்?
– வாசகி, பெரம்பூர்

பதில்: முதல் வேலை இரண்டுக்கும் ஒன்றுதான். சின்னம் செதுக்கிய எஃகு அச்சைத் தகட்டின் மேல் பிரஸ்ஸில் அடிப்போம். நிறம் நிற்கும் இடம் பள்ளமாகவும் கோடுகள் வரப்பு மாதிரி மேடாகவும் விழும். அப்புறம்தான் வழி பிரிகிறது.

அப்பாவுடையது அநேகமாகச் சுட்ட எனாமல். ஈரமாகக் குழைத்த கண்ணாடித் தூளைப் பள்ளத்தில் நிரப்பி, சுமார் 800 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைத்தால் உருகிச் செம்புத் தகட்டோடு ஒட்டிக்கொள்ளும். வெளியே எடுக்கும்போது எல்லா நிறமும் தணல் போலத்தான் தெரியும். ஆற ஆற நீலம் நீலமாகும், பச்சை பச்சையாகும். பாரிமுனைப் பக்கம் பட்டறையில் தொழில் கற்றபோது, அதைப் பார்க்கவே சூளை அருகில் நிற்பேன். உருகினால் தூள் அமுங்கிவிடும். அதனால் மறுபடி நிரப்பிச் சுட்டு, கல்லில் தேய்த்துச் சமமாக்க வேண்டும். பொறுமை கேட்கிற வேலை, எனக்கு உயிரான வேலை.

மகளுடையது பெயின்டாக இருக்கும். விரலால் தடவுங்கள், கோடுகள் தட்டுப்பட்டால் அதுதான். பெயின்ட் மட்டமானது எனச் சொல்ல மாட்டேன். தகட்டில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும்போதே நிரப்பினால் உரியும். அடுத்த முறை மேலே எபாக்ஸி என்ற தெளிவான பிசின் பூச்சு போட்டுத் தரச் சொல்லுங்கள். இன்று ‘ஹார்டு எனாமல்’ என விற்பவற்றில் பலவும் ரெசின் என்ற செயற்கைப் பிசின்தான். கண்ணாடியா என்று கேட்டு வாங்குங்கள்.