ரிக் ஓடிக்கொண்டே இருக்கும், பங்குதாரருக்கு என்ன மிஞ்சும்?

கேள்வி: எனக்கு 46 வயது. காரைக்காலில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். சீட்டு முடிந்து 8 லட்சம் ரூபாய் வந்திருக்கிறது. என் மைத்துனர் வளைகுடாவில் கடலில் நின்று எண்ணெய்க் கிணறு தோண்டும் ஒரு ரிக்கில் வேலை பார்க்கிறார். "புதுசா ரிக் யாரும் கட்டுவதில்லை, இருக்கிறதுக்கு எல்லாம் கிராக்கி வரப்போகுது, ரிக் கம்பெனி பங்கை இப்பவே வாங்கிப் போடுங்க" என்கிறார். அவர் சொன்ன இந்தியக் கம்பெனியின் பங்கு, புத்தக மதிப்பில், அதாவது கணக்கேட்டுச் சொத்தில் கடன் போக ஒரு பங்குக்கு நிற்கும் மதிப்பில், பாதி விலைக்குக் கிடைக்கிறது. பி.இ., அதாவது பங்கின் விலை ஒரு பங்குக்கான ஆண்டு லாபத்தைப் போல எத்தனை மடங்கு என்பது, வெறும் 6. ஆழ்கடலில் எண்ணெய் தேட மத்திய அரசும் பெரிய திட்டம் அறிவித்திருக்கிறது. மொத்தப் பணத்தையும் போடலாமா? மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள், அவளுடைய கல்லூரிச் செலவுக்கு இந்தப் பணத்தைத்தான் நம்பியிருக்கிறேன்.

பதில்: மொத்தப் பணத்தையும் போட வேண்டாம். மகளின் படிப்புக்கு என்று நீங்கள் மனதில் வைத்திருக்கும் பணத்தில் ஒரு ரூபாயைக்கூட இந்தத் துறையில் போட வேண்டாம்.

உங்கள் மைத்துனர் சொல்வதில் உண்மை இருக்கிறது. 2014-க்குப் பிறகு புதிய ரிக்குக்கு ஆர்டர் கொடுப்பது ஏறக்குறைய நின்றே போனது. பழைய ரிக்குகள் நூற்றுக்கும் மேல் உடைப்புக்குப் போய்விட்டன. இருப்பவை குறைந்தால் அவற்றுக்கு எண்ணெய் கம்பெனிகள் கொடுக்கும் வாடகை ஏறும் என்பது நியாயமான கணக்குதான். ஆனால் அவர் பார்ப்பது ரிக்கை. நீங்கள் வாங்கப்போவது அந்த ரிக்கை வைத்திருக்கும் கம்பெனியில் கடன்காரர்களுக்கெல்லாம் கொடுத்தது போக மிஞ்சுவதில் ஒரு பங்கு. ரிக்குக்கு வேலை இருப்பதும் பங்குதாரருக்குப் பணம் மிஞ்சுவதும் இந்தத் தொழிலில் வேறு வேறு என்பதைப் பலர் மிகப் பெரிய விலை கொடுத்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.

2020-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கொரோனாவில் எண்ணெய் விலை சரிந்தபோது அமெரிக்காவில் டயமண்ட் ஆஃப்ஷோர் ஏப்ரலிலும், நோபிள் ஜூலையிலும், வலாரிஸ் ஆகஸ்டிலும் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போயின. நார்வே பங்குச் சந்தையில் இருந்த சீட்ரில் 2017-ல் ஒரு தடவை, 2021-ல் இன்னொரு தடவை. இவையெல்லாம் உலகின் மிகப் பெரிய ரிக் கம்பெனிகள். அந்தச் சமயத்தில் அவற்றின் ரிக்குகளில் பலவும் வழக்கம்போலத் துளை போட்டுக்கொண்டுதான் இருந்தன, பணியாளர்கள் ஷிஃப்டுக்குப் போய்வந்துகொண்டுதான் இருந்தார்கள். கடன் கொடுத்தவர்கள் கடனை விட்டுக்கொடுத்து அதற்குப் பதிலாகக் கம்பெனியையே எடுத்துக்கொண்டார்கள். பழைய பங்குதாரர்களுக்குக் கிடைத்தது அநேகமாக வாரண்டுகள் மட்டும்தான். அதாவது, பின்னாளில் ஒரு குறிப்பிட்ட விலையில் புதிய பங்கை வாங்கிக்கொள்ளலாம் என்ற உரிமைச் சீட்டு. கம்பெனி பிழைத்தது, பெயரும் நிலைத்தது, 2022 வாக்கில் வாடகையும் ஏறியது. அந்த ஏற்றத்தின் பலன் போய்ச் சேர்ந்தது புதிய முதலாளிகளுக்கு.

திவாலாகாமல் தப்பித்த இன்னொரு பெரிய ரிக் கம்பெனியான டிரான்ஸ்ஓஷனின் கதையும் ஆறுதல் தராது. 2008-ல் அந்தப் பங்கு 150 டாலருக்கு மேல் விற்றது. 2020-ல் ஒரு டாலருக்கும் கீழே போனது. பிழைத்துக்கொள்ள அவ்வப்போது புதிய பங்குகளை வெளியிட்டதில் பங்குகளின் எண்ணிக்கையும் பெருகிவிட்டது. லாபம் திரும்பி வந்தாலும் அதைப் பங்கு போட இப்போது ஆட்கள் அதிகம்.

நம் ஊர் உதாரணமும் உண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அபான் ஆஃப்ஷோர், நார்வேயின் சின்வெஸ்ட் கம்பெனியை 2006, 2007-ல் நூறு கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. வாங்கிய பணத்தில் பெரும்பகுதி கடன். அப்போது ரிக் வாடகை உச்சத்தில் இருந்தது, பங்கும் 2008 தொடக்கத்தில் 5,000 ரூபாயைத் தாண்டியது. அப்புறம் உலக நிதி நெருக்கடி வந்தது. 2010 மே மாதம் வெனிசுவேலா கடலில் அபான் பேர்ல் ரிக் மூழ்கியது, நல்லவேளையாக அதிலிருந்த 95 பேரும் உயிர்பிழைத்தார்கள். அதையும் தாண்டிக் கம்பெனி ஓடியது. 2014-ல் எண்ணெய் விலை விழுந்த பிறகுதான் நிமிரவே முடியவில்லை. ஒப்பந்தம் முடிந்த ரிக்குகளுக்கு அடுத்த வேலை கிடைக்கவில்லை, வட்டி மட்டும் ஏறிக்கொண்டே போனது. பங்கு இரண்டிலக்கத்துக்கு வந்துவிட்டது. வாடகை உச்சத்தில் இருந்தபோது கடன் வாங்கிக் கூட்டிய ரிக்குகளின் வட்டியைக் கட்ட, வாடகை விழுந்த பிறகு வழியில்லாமல் போனது.

இது எப்படி நடக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் புரிதலுக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் மைத்துனர் இருப்பது போன்ற ஒரு ஜாக்அப் ரிக், அதாவது கால்களைக் கடல் தரையில் ஊன்றி நிற்கிற வகை, ஒரு நாளைக்கு 80,000 டாலர் வாடகைக்கு ஓடுகிறது. ஆட்கள், சாப்பாடு, பராமரிப்பு, காப்பீடு எல்லாம் சேர்த்து ஒரு நாள் செலவு 45,000 டாலர். மிச்சம் 35,000. வருடம் முழுக்க ஓடினால் சுமார் 1 கோடியே 28 லட்சம் டாலர். ரிக் வாங்கிய கடன் 8 கோடி டாலர், வட்டி 9 சதவீதம் என்றால் வருடத்துக்கு 72 லட்சம். கையில் 56 லட்சம் நிற்கும். ஒப்பந்தம் முடிந்து அடுத்த டெண்டரில் வாடகை 50,000 ஆகிறது. வாடகை விழுந்தது 37 சதவீதம் சொச்சம்தான். செலவு அப்படியேதான் இருக்கிறது. மிச்சம் நாளைக்கு 5,000, வருடத்துக்கு 18 லட்சம். வட்டியோ அதே 72 லட்சம். லாபம் 56 லட்சமாக இருந்த கம்பெனிக்கு இப்போது 54 லட்சம் நஷ்டம். அசலைத் திருப்பிக் கட்டுவதை நான் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

கடன் போட்டு லாரி வாங்கி ஒரே ஒரு சிமெண்ட் ஆலைக்கு ஓட்டுபவரின் நிலைமை இது. லோடு இருக்கிறவரை ராஜா, ஆலை ஒரு மாதம் மூடினால் தவணைக்கு அலைய வேண்டும்.

இதனால்தான் பி.இ. 6 என்பதைக் கண்டு மயங்க வேண்டாம் என்கிறேன். வாடகை உச்சத்தில் இருக்கும்போதுதான் ரிக் கம்பெனியின் லாபம் பெரிதாகவும் பி.இ. சின்னதாகவும் தெரியும். ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது வாடகை குறையும் என்று சந்தை எதிர்பார்ப்பதால்தான் அந்த விலை. புத்தக மதிப்பும் அப்படித்தான். ஏட்டில் இருக்கும் ரிக்கின் மதிப்பு, அது வேலை செய்தால் மட்டுமே மதிப்பு. 2014-க்குப் பிந்தைய ஆண்டுகளில் இந்தக் கம்பெனிகள் பல நூறு கோடி டாலர் சொத்து மதிப்பைக் கணக்கேட்டிலிருந்து கழித்தன. கட்டிப் பத்து ஆண்டு ஆவதற்குள் உடைக்கக் கொடுக்கப்பட்ட ட்ரில்ஷிப்புகள், அதாவது ஆழ்கடலில் துளை போடும் கப்பல்கள், உண்டு. வேலையில்லாமல் நீண்ட நாள் நிறுத்திவைத்த ரிக்கைத் திரும்ப ஓட்டவும் பெரும் தொகை வேண்டும். ஓடுகிற ரிக்கையும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை முழுச் சோதனைக்கு நிறுத்தியாக வேண்டும், அந்த நாட்களில் செலவு உண்டு, வாடகை இராது.

சரி, இனி துறை எப்படி இருக்கும்? ஆழ்கடலையும் ஆழம் குறைந்த கடலையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஆழ்கடலில் பிரேசில், கயானா, மெக்சிகோ வளைகுடா, மேற்கு ஆப்பிரிக்கா ஆகிய இடங்களில் வேலை நிற்கப்போவதில்லை. கயானாவில் 2015-ல் அமெரிக்க எண்ணெய் கம்பெனி எக்ஸான் கண்டுபிடித்த வயலில் 2019 இறுதியில் உற்பத்தி தொடங்கியது, அடுத்தடுத்து விரிவாகிக்கொண்டே போகிறது. நமீபியாவில் 2022-ல் பெரிய கண்டுபிடிப்புகள் வந்தன. நோபிள் முதலில் மெர்ஸ்க் ட்ரில்லிங்கையும் 2024-ல் டயமண்டையும் சேர்த்துக்கொண்டது. கம்பெனிகள் குறைந்தால் வாடகையில் அடிமாட்டு விலைக்குப் போட்டி போடுவது கொஞ்சம் குறையும். இதெல்லாம் நல்ல அறிகுறிகள்.

ஆனால் ஆழம் குறைந்த கடலில், ஜாக்அப் உலகில் நடந்ததை உங்கள் மைத்துனரிடமே கேளுங்கள், அவர் பக்கத்திலிருந்தே பார்த்திருப்பார். 2024 ஜனவரியில் சவுதி அரசு, எண்ணெய் உற்பத்தித் திறனை ஒரு நாளைக்கு 1.3 கோடி பீப்பாயாகக் கூட்டும் இலக்கைக் கைவிட்டு 1.2 கோடியிலேயே நிற்கச் சொன்னது. உடனே சவுதி அரசின் எண்ணெய் கம்பெனியான அராம்கோ 20-க்கும் மேற்பட்ட ஜாக்அப் ரிக்குகளின் ஒப்பந்தங்களை நிறுத்திவைத்தது. ஒரே ஒரு வாடிக்கையாளரின் ஒரே ஒரு முடிவு. அந்த ரிக்குகள் சும்மா இருக்குமா? இந்தியா, தென்கிழக்கு ஆசியா, ஆப்பிரிக்கா என்று எங்கே டெண்டர் வந்தாலும் போட்டிக்கு வந்து நின்றன. "இருக்கிற ரிக் குறைவு" என்ற வாதம் சில மாதங்களில் எப்படி மாறுகிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. 2025-ல் எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் ஒபெக் கூட்டணி உற்பத்தியைக் கூட்டத் தொடங்கியதும் எண்ணெய் கம்பெனிகள் இன்னும் நிதானமாகிவிட்டன.

இந்தியாவில் ரிக் கம்பெனி இன்னும் குறுகலான பாதையில் ஓடுகிறது. இங்கே ஜாக்அப் எடுப்பவர்களில் ஓ.என்.ஜி.சி.க்கு இணையாக யாரும் இல்லை. பெரும்பாலும் மூன்று ஆண்டு ஒப்பந்தம், டெண்டரில் குறைந்த விலை சொன்னவருக்கு வேலை. அந்த ஒரு டெண்டரில் நிர்ணயமாகும் வாடகைதான் உங்கள் பங்கின் அடுத்த மூன்று ஆண்டுத் தலையெழுத்து. 2025 சுதந்திர தின உரையில் பிரதமர் அறிவித்த ஆழ்கடல் திட்டத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நாட்டுக்கு அது தேவைதான், கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்கிறோம். ஆனால் ஆழ்கடலில் துளையிட ட்ரில்ஷிப்போ மிதக்கும் ரிக்கோ வேண்டும். நூறு மீட்டர் சொச்சம் ஆழம் வரை நிற்கிற ஜாக்அப்களை மட்டும் வைத்திருக்கும் கம்பெனிக்கு அந்த அறிவிப்பால் நேரடி லாபம் என்ன? இந்தக் கேள்வியை நீங்கள் அந்தக் கம்பெனியிடம் கேட்க வேண்டும்.

இனி உங்கள் பணம். 8 லட்சத்தில் 5 லட்சத்தைக் கல்லூரிக்கென்று தனியாக எடுத்துவையுங்கள். இன்னும் இரண்டு ஆண்டுக்குள் தேவைப்படும் பணம் அது. பெரிய வங்கியில் ஃபிக்சட் டெபாசிட்டாக, அட்மிஷன் நேரத்தில் ஒரு பகுதி, அடுத்த ஆண்டுகளுக்கு ஒவ்வொரு பகுதி என்று முதிர்கிற மாதிரி பிரித்துப் போடுங்கள். கடைக்கு ஒரு சீசன் மந்தமானால் சமாளிக்க 1 லட்சம் சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். மீதி 2 லட்சத்தை, நாட்டின் ஐம்பது பெரிய கம்பெனிகளின் பங்குகளை வைத்திருக்கும் நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் மாதாமாதம் பிரித்துப் போடலாம், ஐந்து ஏழு ஆண்டு தொடமாட்டீர்கள் என்றால் மட்டும்.

ரிக் பங்கு மேல் ஆசை தீரவில்லை என்றால் அந்த 2 லட்சத்தில் 30,000 ரூபாய்க்கு மேல் போகாதீர்கள். அதையும் போடுமுன் கம்பெனியின் ஆண்டறிக்கையை எடுத்துவைத்து ஒரு மாலை உட்காருங்கள். ஒவ்வொரு ரிக்கின் பெயர், கட்டிய ஆண்டு, இப்போதைய ஒப்பந்தம் முடியும் மாதம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். வெளிநாட்டுக் கம்பெனிகள் இதை அவ்வப்போது தனிப் பட்டியலாகவே வெளியிடும். இங்கே பங்குச் சந்தை அறிவிப்புகளிலிருந்தும் முதலீட்டாளர் கூட்டப் பேச்சிலிருந்தும் தேட வேண்டும். அடுத்த 12 மாதத்தில் பாதி ரிக்குகளின் ஒப்பந்தம் முடிகிறது என்றால் நீங்கள் லாபத்தை வாங்கவில்லை, டெண்டர் முடிவின் மேல் பந்தயம் கட்டுகிறீர்கள். அடுத்து, கடன் எவ்வளவு, எந்த ஆண்டு கட்ட வேண்டும் என்று பாருங்கள். கடன் தவணையும் ஒப்பந்த முடிவும் ஒரே ஆண்டில் வந்தால் அந்தப் பங்கைத் தொடாதீர்கள், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும். கடைசியாக, ரிக் யாருக்குச் சொந்தம்? சில கம்பெனிகள் குழுமத்தின் வெளிநாட்டு நிறுவனத்திடமிருந்து ரிக்கை வாடகைக்கு எடுத்து ஓட்டுகின்றன. அப்போது வாடகை லாபத்தில் எவ்வளவு அந்தப் பக்கம் போகிறது, அந்த நிறுவனத்துக்கு இந்தக் கம்பெனி கடனோ உத்தரவாதமோ கொடுத்திருக்கிறதா என்பதை ஆண்டறிக்கையில் தொடர்புடைய நிறுவனங்களுடனான பரிவர்த்தனை என்ற பகுதியில் பார்க்கலாம்.

கடனே இல்லாத, ஒப்பந்தங்கள் இரண்டு மூன்று ஆண்டுக்கு நீளும் கம்பெனியாக இருந்தால் அந்த 30,000-ஐ எனக்கு ஆட்சேபணை இல்லாமல் போடச் சொல்வேன். வாங்குவதாக இருந்தாலும் எண்ணெய் விலை ஏறிச் செய்தி பரபரப்பாக இருக்கும்போது வேண்டாம். ரிக்குகள் சும்மா நிற்கின்றன, யாரும் இந்தப் பங்கைப் பற்றிப் பேசவில்லை என்ற காலத்தில், கடனில்லாத கம்பெனியை மட்டும் வாங்கியவர்கள்தான் இதில் சம்பாதித்திருக்கிறார்கள்.

மைத்துனர் அமெரிக்கச் சந்தையில் இருக்கும் கம்பெனியைச் சொன்னால் இன்னொரு விஷயமும் கவனியுங்கள். வெளிநாட்டுப் பங்கு ஒன்றே ஒன்று வைத்திருந்தாலும் வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்டியாக வேண்டும். உங்கள் ஆடிட்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

உங்கள் மைத்துனரின் சம்பளமும் இதே எண்ணெய் விலையை நம்பித்தான் இருக்கிறது என்பதையும் யோசியுங்கள். ரிக்குகள் நிறுத்தப்படும் ஒரு ஆண்டில் அவருக்கு வேலை போகலாம், உங்கள் பங்கும் அதே ஆண்டில் விழும். குடும்பத்தில் அவருக்குக் கைமாற்றுக் கொடுக்க ஒருவராவது தயாராக இருக்க வேண்டிய நேரம் அது. அந்த 1 லட்சத்தைச் சேமிப்புக் கணக்கில் வைக்கச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.