42 சாமான் செட் வாங்கலாமா?

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: பியூட்டிஷியன் கோர்ஸ் முடித்துவிட்டேன், பஸ்ஸில் போய் வீடுகளில் சர்வீஸ் செய்யப் போகிறேன், கோயம்புத்தூர் கடையில் 42 சாமான் கொண்ட செட் ஒன்று காட்டினார்கள், வாங்கலாமா?

வேண்டாம்மா. குன்னூரில் நான் தொழில் தொடங்கியபோது அப்படி ஒரு செட் வாங்கி, அதில் பாதியைத் திறக்காமலே தூக்கிப் போட்டேன். உங்களிடம் முதலில் வரப்போவது திரெடிங், வாக்ஸிங், ஃபேஷியல். அதற்கு மட்டும் வாங்குங்கள்.

காசை இரும்புச் சாமானில் போடுங்கள். நல்ல ஸ்டீல் ட்வீஸர், கத்தரிக்கோல், இரண்டிரண்டாக, ஏனென்றால் ஒருவருக்குப் பயன்படுத்தியதைச் சோப்புப் போட்டுக் கழுவி 70 சதவீத ஸ்பிரிட்டில் பத்து நிமிடம் ஊறவைக்க வேண்டும், அதுவரை அடுத்தவருக்கு இன்னொன்று கையில் இருக்கணும். வெந்நீரில் போட்டால் போதும் என்பார்கள், நம்பாதீர்கள். நம் உயரத்தில் தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

அடுத்து வாக்ஸ். மலையில் சிரமமே இதில்தான். மார்கழிக் காலையில் ஜன்னலோரம் உட்கார்ந்து எடுத்தால், டப்பாவிலிருந்து கை வரைக்கும் வருவதற்குள் குச்சியிலேயே நூல் நூலாக இறுகிவிடும், அதை இழுத்துத் தடவினால் தோல்தான் உரியும். அதனால் சூட்டைக் கூட்டிக் குறைக்க வசதியுள்ள சின்ன ஹீட்டர் அவசியம். மழைக்காலத்தில் கரண்ட் போகும், வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து இளக்கக்கூடிய சர்க்கரை வாக்ஸும் ஒரு டப்பா இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் உங்கள் மணிக்கட்டில் வைத்துப் பார்த்த பிறகுதான் அவர்கள் கையில் வைக்கணும். மரக்குச்சி ஒரு தடவை தோலில் பட்டால் தூக்கிப் போட்டுவிடுங்கள், திரும்ப டப்பாவில் விடவே கூடாது.

ஃபேஷியலுக்கு ஒருவருக்கான சின்ன பாக்கெட் வாங்குங்கள், அவர் கண் முன்னால் பிரியுங்கள். பெரிய டப்பாவில் 6M, 12M என்று போட்டிருக்கும், திறந்த பிறகு அத்தனை மாதம்தான், வாரம் இரண்டு பேர் வரும்போது அது தீராது. மசாஜுக்குத் தேங்காய் எண்ணெய் சரிப்படாது, 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். பாதாம் எண்ணெய் உறையாது.

அப்புறம் டவல், விரிப்பு எல்லாம் பருத்தியிலேயே எடுங்கள், பிளாஸ்டிக் விரிப்பு குளிரில் முதுகில் பட்டால் ஆள் துள்ளி எழுவார். ஹேர் டை இப்போதைக்கு வேண்டாம். யாராவது வற்புறுத்திக் கேட்டால் 48 மணி நேரம் முன்பே காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு தடவி, அரிக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தலையில் போடணும்.